ராஸ் துப்பாக்கி: பெயர் தெரியாத கம்பெனியின் ரிசீவரை எதை வைத்து நம்புவது?

புதுசா ஒரு கம்பெனி. போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கான ரிசீவர் செய்து தருகிறேன் என்கிறது. படங்கள் அருமையாக இருக்கின்றன, விலையும் பரவாயில்லை, கையில் எடுத்துப் பார்த்தவர்கள் "வெண்ணெய் மாதிரி நழுவுது" என்கிறார்கள். ஆனால் அந்தக் கம்பெனி இதற்கு முன் எதையும் பெரிய அளவில் செய்ததில்லை. வாங்கலாமா, வேண்டாமா?

அமெரிக்கா, கனடா மாதிரி நாடுகளில் இலக்குச் சுடுதல் பொழுதுபோக்காக இருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும் கேள்வி. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எனக்கும் துப்பாக்கி வாங்கும் உத்தேசம் எதுவும் இல்லை. ஆனால் இதே கேள்வியை ஒரு நாட்டின் அரசாங்கமே கேட்டு, சோதனை நடத்தி, ஒரு பதிலும் எடுத்து, அந்தப் பதிலுக்கு விலையாக ஆயிரக்கணக்கான சிப்பாய்களைப் போர்க்களத்தில் தவிக்க விட்ட கதை ஒன்று இருக்கிறது. கனடாவின் ராஸ் துப்பாக்கி. சாஃப்ட்வேர் வேலையில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், இதைப் படிக்கும்போது எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை. டெமோவில் ஓடியது புரொடக்‌ஷனில் படுத்துக்கொண்ட கதைதான்.

முதலில் ரிசீவர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். துப்பாக்கியில் குழல் எல்லோருக்கும் தெரியும், கட்டையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில், குழலின் பின்முனை திருகி ஏறி நிற்கும் எஃகு உடல்தான் ரிசீவர். இதற்குள் போல்ட் என்ற உருளை முன்னும் பின்னும் ஓடும். போல்ட்டை முன்னே தள்ளினால் தோட்டா அறைக்குள் போகும். போல்ட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பற்கள் (லக் என்பார்கள்) ரிசீவருக்குள் இருக்கும் பள்ளங்களில் போய்ப் பூட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் உள்ளே உருவாகும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 50,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று முப்பது சொச்சம். அந்த ஐம்பதாயிரத்துக்கும் சுடுபவரின் முகத்துக்கும் இடையில் இருப்பது இந்தப் பற்களும் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரிசீவரும் மட்டும்தான். அதனால்தான் குழல் மோசமாக இருந்தால் குறி தப்பும், ரிசீவர் மோசமாக இருந்தால் கண் போகும்.

சரி, கனடாவுக்கு வருவோம்.

1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியது. கனடாவும் ஆள் அனுப்பியது. அப்போது பிரிட்டிஷ் படையின் துப்பாக்கி லீ என்ஃபீல்ட். நம்ம ஊர் போலீஸ்காரர்கள் தோளில் பல காலம் தொங்கிய த்ரீ நாட் த்ரீயின் மூதாதை. கனடா தனக்கும் லீ என்ஃபீல்ட் வேண்டும் என்று கேட்டது. பிரிட்டன் தன் படைக்கே போதாமல் திணறிக்கொண்டிருந்ததால் கிடைக்கவில்லை. கனடாவிலேயே ஒரு தொழிற்சாலை போடுங்கள் என்று பர்மிங்ஹாமில் இருந்த பி.எஸ்.ஏ. கம்பெனியைக் கேட்டார்கள். அவர்களுக்கு அதில் ஆர்வம் இல்லை. ஓட்டாவாவில் கடுப்பு. அவசரம் என்று வந்தால் ஒரு துப்பாக்கிக்குக்கூட லண்டன் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம். பிரதமர் வில்ஃப்ரிட் லோரியே, படைத்துறை அமைச்சர் ஃப்ரெடரிக் போர்டன். இருவருக்குமே உள்நாட்டில் தயாராகும் துப்பாக்கி என்ற யோசனை பிடித்திருந்தது. அந்தக் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன், நியாயமான கோபம்தான்.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றவர் சர் சார்ல்ஸ் ராஸ். ஸ்காட்லாந்தின் பால்நகவன் எஸ்டேட்டின் பெரிய நிலப்பிரபு, ஒன்பதாவது பேரோனெட். ஈட்டன், கேம்பிரிட்ஜ் படிப்பு. இருபது வயதிலேயே துப்பாக்கி வடிவமைப்பில் இறங்கியவர். அவருடைய போல்ட் 'நேர் இழுப்பு' வகை. லீ என்ஃபீல்டில் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். ராஸ் துப்பாக்கியில் நேராக இழு, நேராகத் தள்ளு, முடிந்தது. உள்ளே இருக்கும் திருகுப் பள்ளங்கள் பற்களைத் தானாகவே சுழற்றிப் பூட்டிக்கொள்ளும். ஆஸ்திரியாவின் மான்லிகர் துப்பாக்கியிலிருந்து வந்த யோசனை இது. வேகமாகச் சுடலாம், பார்க்கவும் அழகு. ராஸ் தன் சொந்தக் காசில் கனடாவிலேயே தொழிற்சாலை கட்டித் தருகிறேன் என்றார். ஒரு படைக்கு வேண்டிய அளவில் துப்பாக்கி செய்த அனுபவம் மட்டும் அவருக்கு இல்லை.

1901 ஆகஸ்டில் கியூபெக்கில் ஐந்து பேர் கொண்ட குழு சோதனை நடத்தியது. அந்த ஐவரில் ஒருவர் சாம் ஹியூஸ். நாடாளுமன்ற உறுப்பினர், பத்திரிகை நடத்தியவர், போயர் போருக்குப் போய் வந்தவர், குறி பார்த்துச் சுடுவதில் பைத்தியம். கதை முழுக்க இவர் வருவார். சோதனையில் ராஸ் துப்பாக்கி சிக்கியது, சில தோட்டாக்கள் வெடிக்கவில்லை. ராஸ் சொன்ன பதில்: தோட்டா சரியில்லை. குழு அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டு துப்பாக்கியைப் பரிந்துரைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தோட்டா உண்மையிலேயே சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் போரில் சிப்பாய்க்குக் கிடைக்கப் போவதும் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் அவசரமாக அடித்து அனுப்பிய தோட்டாதான். "உங்கள் இன்புட் தப்பு" என்று சொல்லும் டெவலப்பரை நானும் பார்த்திருக்கிறேன், சில சமயம் நானே சொல்லியும் இருக்கிறேன். அந்த இன்புட்தான் நாளைக்கும் வரப்போகிறது என்றால் அந்தப் பதிலால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. 1901-ல் சொன்ன அந்த ஒரு வரி, பதினாலு வருஷம் கழித்து பெல்ஜியத்தில் திரும்ப வந்து நிற்கும்.

1903-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் வருஷம் 12,000 துப்பாக்கி, அதன்பின் வருஷத்துக்கு 10,000. ஒன்று 25 டாலர். கியூபெக் நகரத்தில் ஆபிரகாம் சமவெளியில் அரசு நிலத்தில் தொழிற்சாலை எழுந்தது. முதல் துப்பாக்கிகள் கைக்கு வர 1905 ஆகிவிட்டது. அதில் ஆயிரம் துப்பாக்கிகள் வடமேற்குக் குதிரைப்படைப் போலீசுக்குப் போயின. அவர்கள்தான் முதல் உண்மையான பயனர்கள். புகார்கள் உடனே வரத் தொடங்கின. 1906-ல் பயிற்சியின்போது போல்ட் பின்னோக்கிப் பறந்து ஒரு சார்ஜெண்ட் மேஜரின் ஒரு கண் போனது. போலீஸ் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய துப்பாக்கிகளையே மறுபடி தூக்கிக்கொண்டது.

இதற்குப் பிறகு நடந்ததை நம் பாஷையில் பேட்ச் மேல் பேட்ச் என்று சொல்லலாம். மார்க் 2 வந்தது. அதற்கு ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் என்று திருத்தப் பதிப்புகள் வரிசையாக வந்தன. நட்சத்திர எண்ணிக்கை ஐந்தைத் தொட்டது. ஒரே பெயரில் இருக்கும் இரண்டு துப்பாக்கிகளின் பாகங்கள் ஒன்றுக்கொன்று சேராத நிலை. கடைசியில் 1910-ல் எல்லாவற்றையும் புதிதாக யோசித்து மார்க் 3 வந்தது. பற்களுக்குப் பதிலாகப் பீரங்கியின் பின்கதவு மாதிரி மரைகள். ஒவ்வொரு பக்கமும் மூன்று மரை, ரிசீவருக்குள் இருக்கும் மரைகளோடு சுழன்று பூட்டிக்கொள்ளும். வலிமையில் இதைக் குறை சொல்லவே முடியாது. சரியாகப் பூட்டிய மார்க் 3 அந்தக் காலத்தின் மிக வலுவான ஆக்‌ஷன்களில் ஒன்று என்று பின்னால் வந்த துப்பாக்கித் தச்சர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

குறியும் அபாரம். 30.5 அங்குலக் கனமான குழல், தோட்டாவைக் கச்சிதமாகப் பிடிக்கும் இறுக்கமான அறை. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் நடக்கும் போட்டிகள்தான் அன்றைய பேரரசின் உச்ச மேடை. அங்கே கிங்ஸ் பிரைஸ் என்ற பெரிய பரிசை 1911-லும் 1913-லும் ராஸ் பிடித்த கனடிய வீரர்கள் தட்டிச் சென்றார்கள். கனடாவே கொண்டாடியது. 1911 அக்டோபரில் ஆட்சி மாறி ராபர்ட் போர்டன் பிரதமரானார். படைத்துறை அமைச்சர் யார்? சாம் ஹியூஸ். சோதித்த குழுவில் ஒருவர், மிகப் பெரிய ரசிகர், இப்போது வாங்கும் அதிகாரமும் அவர் கையில். பிஸ்லி கோப்பையைக் காட்டினால் யார் வாயைத் திறப்பார்கள்?

பிஸ்லியில் எப்படிச் சுடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். புல்தரை. சுத்தம் செய்து எண்ணெய் துடைத்த துப்பாக்கி. தேர்ந்தெடுத்த நல்ல தோட்டா. ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் காற்றின் திசை பார்க்க நேரம். துப்பாக்கியைத் தன் பிள்ளை மாதிரி கவனிக்கும் ஆள். குழலின் நேர்த்தியையும் சுடுபவரின் திறமையையும் அங்கே அளக்கலாம். சேறு, மழை, சூடு, ஒரு நிமிஷத்தில் பதினைந்து முறை போல்ட்டை இழுக்கும் கை, கண்டபடி அளவு மாறும் தோட்டா எதுவும் அங்கே வராது.

அதெல்லாம் வந்த இடம் இப்ரே.

1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் இப்ரே நகருக்கு அருகே ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். மேற்கு முனையில் வாயு பெரிய அளவில் பயன்பட்டது அதுவே முதல் முறை. முதலில் அடி வாங்கியது பக்கத்தில் இருந்த பிரெஞ்சு, அல்ஜீரியப் படைகள். அவர்கள் பின்வாங்கிய இடைவெளியில் போய் நின்றது முதல் கனடிய டிவிஷன். ஏப்ரல் 24 அன்று வாயு நேராகக் கனடியர்கள் மேலேயே வந்தது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு சுட்டார்கள். வேக வேகமாகச் சுட்டதில் துப்பாக்கி சூடேறியது. சூடேறியதும் போல்ட் இறுகியது. கையால் இழுக்க வரவில்லை. துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, பூட்ஸ் காலால் போல்ட் கைப்பிடியை உதைத்துத் திறந்தார்கள். மண்வெட்டிக் கட்டையால் அடித்தார்கள். எதிரே ஜெர்மன் காலாட்படை நடந்து வந்துகொண்டிருக்கிறது.

சில நாட்களில் அந்த டிவிஷன் இழந்தது 6,000 பேருக்கு மேல், அதில் இறந்தவர்கள் சுமார் 2,000. துப்பாக்கியால் மட்டும் போன உயிர் எத்தனை என்று பிரித்துச் சொல்லவே முடியாது. வாயு இருந்தது, பீரங்கி இருந்தது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் பதிவாகியிருக்கிறது. உயிர் பிழைத்த 5,000 பேரில் 1,452 பேர் தங்கள் ராஸ் துப்பாக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களிடமிருந்து லீ என்ஃபீல்டை எடுத்து வைத்திருந்தார்கள். எந்தக் குழு அறிக்கையையும்விட எனக்கு இந்த எண் பெரிதாகப் படுகிறது. சொந்தத் துப்பாக்கியைத் தொலைப்பது படையில் குற்றம். அது தெரிந்தும் பத்தில் மூன்று பேர் செய்திருக்கிறார்கள்.

ஏன் சிக்கியது? ஒரே காரணம் இல்லை, மூன்று காரணங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன.

முதலாவது, அறையின் இறுக்கம். குறி நன்றாக விழ வேண்டும் என்று தோட்டா அறையைக் கச்சிதமாக வெட்டியிருந்தார்கள். கனடாவின் சொந்தத் தோட்டா அதற்கு ஒத்துப்போனது. போர்முனையில் வந்தது பிரிட்டனில் அவசர அவசரமாகத் தயாரான தோட்டா. அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். லீ என்ஃபீல்டின் அறை தாராளமானது, எதைப் போட்டாலும் விழுங்கும். ராஸ் விழுங்கவில்லை. பின்னால் அறையைப் பெரிதாக்கியபோது எடுத்தது ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமுடி தடிமன் அளவு.

இரண்டாவது, நேர் இழுப்பின் இயல்பு. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லீ என்ஃபீல்டில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஒரு சரிவு நெம்புகோல் மாதிரி வேலை செய்து கூட்டைக் கொஞ்சம் பிடுங்கிவிடும். நேராக இழுக்கும் போல்ட்டில் அந்த நெம்புகோல் பலம் மிகக் குறைவு, உங்கள் தோள் பலம்தான். சாதாரண நாளில் அது வேகம் தரும் வசதி. கூடு ஒட்டிக்கொண்ட நாளில் அதுவே வில்லன்.

மூன்றாவதுதான் சுவாரசியம், ஏனென்றால் இது ரிசீவரைச் சேர்ந்தது, எந்தச் சோதனையிலும் சுலபமாகச் சிக்காதது. போல்ட்டைப் பின்னால் இழுக்கும்போது அது முழுசாகக் கழன்று வராமல் இருக்க ரிசீவரின் இடது பக்கம் ஒரு சின்னத் தடுப்பு இருக்கும். போல்ட் ஸ்டாப். மார்க் 3-ல் போல்ட்டின் இடது மரையின் பின்விளிம்பு ஒவ்வொரு இழுப்பிலும் இந்தத் தடுப்பில் போய் 'டக்' என்று மோதும். தடுப்பு ரொம்பச் சின்னது, மோதும் பரப்பு கொஞ்சம், மரையின் எஃகும் போதிய கடினம் இல்லை. நூறு முறை மோதினால் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கில், அதுவும் கோபமாக, காலால் உதைத்து மோதினால் மரையின் விளிம்பு நசுங்கிப் பிசிறு விடும். பிசிறு விட்ட மரை ரிசீவரின் பள்ளத்துக்குள் போக மறுக்கும். அதாவது சிக்கிய துப்பாக்கியை உதைத்துத் திறக்கத் திறக்க, அது அடுத்த முறை இன்னும் மோசமாகச் சிக்கும். பின்னால் தடுப்பைப் பெரிதாக்கினார்கள், போல்ட் தலையைக் கடினப்படுத்தினார்கள், பிரச்சனை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. சிப்பாய் ஒருமுறை கைவிட்ட துப்பாக்கியைத் திருத்திக் கொடுத்தால் திரும்ப நம்புவானா?

இவை போதாதென்று இன்னொரு குறையும் இருந்தது. போல்ட்டைச் சுத்தம் செய்யக் கழற்றி மாட்டும்போது, போல்ட் தலையைத் தவறான நிலையில் திருப்பி வைத்துவிட முடியும். அப்படி வைத்தாலும் போல்ட் ரிசீவருக்குள் போகும், முன்னே ஓடும், மூடியது போலவே தெரியும். ஆனால் மரைகள் பூட்டியிருக்காது. சுட்டால் போல்ட் முகத்தை நோக்கி வரும். தப்பாக மாட்டினால் மாட்டவே முடியாதபடி ஒரு பொருளை வடிவமைப்பது தச்சனிலிருந்து எலக்ட்ரீஷியன் வரை எல்லோருக்கும் தெரிந்த பாடம். கடைசியில் போல்ட் உறையில் ஒரு சின்ன ரிவிட் அடித்து இந்தத் தவறை நடக்காமல் தடுத்தார்கள். ஒரு ரிவிட்! அதை 1910-லேயே அடித்திருக்கலாம்.

1915 ஜூனில் பிரிட்டிஷ் தளபதி ஜான் ஃபிரெஞ்ச் முதல் டிவிஷனுக்கு லீ என்ஃபீல்ட் கொடுக்க உத்தரவிட்டார். பின்னால் வந்த டிவிஷன்கள் இன்னும் ஒரு வருஷம் ராஸையே சுமந்தன. ஹியூஸ் விடவில்லை. தோட்டாதான் தப்பு என்றார், 1901-ல் ராஸ் சொன்ன அதே பதில். கனடியப் படையின் தளபதி ஆல்டர்சன் துப்பாக்கியின் குறைகளை எழுதிக் கடிதம் அனுப்பி ஹியூஸின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். 1916 மே மாதம் அவர் பதவி போனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தச் சண்டை உதவவில்லை. அதே கோடையில் டக்ளஸ் ஹேக் தலையிட, மீதி டிவிஷன்களிலும் ராஸ் நீக்கப்பட்டது. நவம்பரில் ஹியூஸின் அமைச்சர் பதவியும் போனது. 1917-ல் அரசு தொழிற்சாலையைக் கையகப்படுத்தியது. ராஸுக்கு 1920-ல் 20 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. ஆமாம், அவருக்கு!

ஆனாலும் ஒரு கூட்டம் மட்டும் ராஸை விட மறுத்தது. மறைந்திருந்து சுடும் ஸ்னைப்பர்கள். ஓஜிப்வா இனத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பெகமகபோ அந்தப் போரின் மிகப் புகழ்பெற்ற ஸ்னைப்பர்களில் ஒருவர். அவர் கையில் இருந்தது ராஸ். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. ஸ்னைப்பர் ஒரு நாளில் சில குண்டுகள்தான் சுடுவார், தோட்டாவைப் பொறுக்கி எடுப்பார், துப்பாக்கியைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். பிஸ்லி மைதானத்தின் நிலைமையைப் பதுங்குகுழிக்குள் அவரால் உருவாக்கிக்கொள்ள முடிந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, புதுக் கம்பெனியை நம்பினதுதான் தப்பு, பழைய பெரிய பெயரிடம் போயிருக்க வேண்டும் என்று தோன்றலாம். அதே காலத்து அமெரிக்கக் கதை ஒன்று அந்த எண்ணத்தைக் கெடுத்துவிடும்.

ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி, அமெரிக்க அரசின் சொந்த ஆயுதத் தொழிற்சாலை, நூறு வருஷத்துக்கு மேல் அனுபவம். அங்கே செய்த 1903 மாடல் துப்பாக்கியின் ரிசீவர்கள் 1917-ல் உடையத் தொடங்கின, அதுவும் கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாக. விசாரித்ததில் தெரிந்தது: எஃகைச் சூடாக்கும்போது வெப்பநிலையைத் தொழிலாளிகள் கண்ணால், நிறத்தை வைத்தே கணித்திருக்கிறார்கள். நல்ல கைகாரர்கள்தான். ஆனால் மேகமூட்டமான நாளில் தெரியும் சிவப்பும், ஜன்னல் வழியே பளீரென்று வெயில் அடிக்கும் நாளில் தெரியும் சிவப்பும் ஒன்றல்ல. வெயில் நாளில் சரியாகத் தெரிந்த எஃகு 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கூடுதலாகச் சூடேறியிருந்தது. அப்படிக் கருகிய எஃகு மேலே கடினமாக இருக்கும், அடி விழுந்தால் நொறுங்கும். ஒரே தொழிற்சாலை, ஒரே வரைபடம். அன்று வானம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்து ரிசீவரின் தலையெழுத்து!

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ரிசீவர்கள் எல்லாமே சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாவைச் சுட்டுத் தேறியவை. தேறியபின்தான் முத்திரை குத்தி அனுப்பினார்கள். நல்ல பித்தளைக் கூடு இருக்கும்வரை அவை தாங்கின. கூட்டின் பித்தளை மென்மையாக இருந்து அது கிழிந்து, வாயு ரிசீவருக்குள் திடீரென்று அறையும்போது நொறுங்கின. 1918-ல் வெப்பமானி வைத்து, இரட்டை வெப்பப் பக்குவ முறைக்கு மாறினார்கள். அதற்கு முன் செய்த ரிசீவர்கள் பத்து லட்சத்துக்குப் பக்கம். ஸ்பிரிங்ஃபீல்டில் 8,00,000-க்குக் கீழ் எண் உள்ளவை, ராக் ஐலண்டில் 2,85,507-க்குக் கீழ் எண் உள்ளவை என்று இன்றும் பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் முதலில் எண்ணைத்தான் பார்ப்பார்கள். ஜூலியன் ஹேட்சர் என்ற படை அதிகாரி 1947-ல் வெளியிட்ட குறிப்பேட்டில் 1917 முதல் 1929 வரை உடைந்த ரிசீவர்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டிருக்கிறார். மொத்தம் 68. யாரும் சாகவில்லை, சிலருக்குக் கண் போனது. தோல்விகளை இப்படி உட்கார்ந்து எண்ணி எழுதிவைத்த ஒருவர் இருந்ததால்தான் நூறு வருஷம் கழித்து நாம் இதைப் பேச முடிகிறது. ராஸ் விஷயத்தில் அப்படி ஒரு ஹேட்சர் கியூபெக்கில் இருந்திருந்தால், 1906-ல் போன ஒரு கண்ணோடு கதை முடிந்திருக்கலாம்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. இங்கிலாந்தில் 1978-ல் மால்கம் கூப்பர் என்ற போட்டிச் சுடுநர் சிலரோடு சேர்ந்து ஆரம்பித்த சின்னக் கம்பெனி அக்யூரசி இன்டர்நேஷனல். 1984, 1988 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் கூப்பர். அவர்களும் ராஸ் மாதிரியே அனுபவம் இல்லாதவர்கள், குறி பார்த்துச் சுடுவதில் மன்னர்கள். பிரிட்டிஷ் படைக்கான ஸ்னைப்பர் துப்பாக்கிச் சோதனையில், பழம் பெரும் பார்க்கர் ஹேல் கம்பெனியை முந்தி 1980-களில் எல் 96 என்ற பெயரில் தேர்வானார்கள். அவர்களின் ரிசீவர் அழகுக்குப் பரிசு வாங்காது. தட்டையான அடிப்பாகம், அலுமினியச் சட்டத்தில் பசை போட்டுத் திருகி வைத்தது. அடுத்து ஸ்வீடன் படை கடுங்குளிரில் வேலை செய்ய வேண்டும் என்று கேட்டபோது, போல்ட்டில் பனி உறைந்து பிடிக்காமல் இருக்கப் பள்ளங்கள் வெட்டினார்கள். ராஸும் கூப்பரும் ஒரே மாதிரி ஆட்கள்தான். வாடிக்கையாளர் கொண்டுவந்த நிலைமையை ஒருவர் குறை சொன்னார், மற்றவர் அதற்கேற்ப எஃகை வெட்டினார்.

அப்படியானால் இன்று புதுக் கம்பெனியின் ரிசீவரைக் கையில் வைத்திருப்பவர் என்ன பார்க்க வேண்டும்? எஃகு எந்த வகை, கடினத்தன்மையை யார் அளந்தார்கள், ஒவ்வொரு கொத்துக்கும் அளக்கிறார்களா அல்லது முதல் ஒன்றுக்கு மட்டுமா என்று கேட்பார்கள். போல்ட் பற்களில் மை தடவி மூடித் திறந்து, எல்லாப் பற்களும் சமமாகப் பதிகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு பல் மட்டும் சுமையைத் தாங்குகிறது என்றால் மை சொல்லிவிடும். அளவுக்கட்டை வைத்துத் தோட்டாவுக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சோதிப்பார்கள். ஐரோப்பிய முறையில் வழக்கத்தைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில் சுட்டுப் பார்த்துவிட்டு, காந்தத்தூள் போட்டு முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று தேடுவார்கள். எல்லாம் நல்லதுதான், ஆனால் 1917-ன் ஸ்பிரிங்ஃபீல்ட் இதில் பாதியைத் தேறியிருக்கும், 1910-ன் ராஸ் அநேகமாக அத்தனையையும் தேறியிருக்கும். நான் ஒருத்தரிடம் கேட்பதாக இருந்தால் இரண்டே கேள்விதான் கேட்பேன்: இதுவரை எத்தனை விற்றீர்கள், அதில் எத்தனை திரும்பி வந்தன, வந்தவற்றில் என்ன கண்டீர்கள்? ஒன்றும் வரவில்லை என்ற பதிலைக் கேட்டால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும். இரண்டாவது கேள்வி, பத்தாயிரம் முறை திறந்து மூடிய ஒன்றைக் காட்ட முடியுமா?

மொத்தம் சுமார் 4,20,000 ராஸ் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஊர்க்காவல் படை கைக்குச் சில போயின. சில கிழக்கு ஐரோப்பாவுக்குப் பயணப்பட்டு, சோவியத் யூனியன் கைக்குச் சேர்ந்தன. 1954-ல் வெனிசுவேலாவின் கராகஸில் நடந்த உலகச் சுடுதல் போட்டியில், ஓடும் மான் இலக்குப் பிரிவில் சோவியத் வீரர்கள் பிடித்திருந்தது ரஷ்யத் தோட்டாவுக்குக் குழல் மாற்றிய ராஸ். இரண்டு குண்டுகளை வேகமாகச் சுட வேண்டிய போட்டி அது. நேர் இழுப்பு போல்ட்டுக்கென்றே அளந்து செய்த மாதிரி இருந்தது.